செயலாய்வு: முப்பது பேரும் தேறிவிட்ட அறிக்கையில் என்ன கோளாறு?

பி.எட். மாணவர்களும் பணியில் இருக்கும் ஆசிரியர்களும் எழுதித் தரும் செயலாய்வு அறிக்கைகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து, தீர்வைச் செய்து பார்ப்பதுதான் செயலாய்வு. தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் அறிவியல் கற்றலை மேம்படுத்துதல்’. கதையும் ஒன்றுதான். முன்தேர்வில் சராசரி குறைவு, பத்து நாள் புதிய முறையில் பாடம், பின்தேர்வில் சராசரி எகிறியிருக்கும். முப்பது பேரில் ஒருவர்கூடப் பின்வாங்கியிருக்க மாட்டார்.

நிஜ வகுப்பில் இப்படி நடக்காது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்திருக்கும். ஒருவன் பாதி நாள் வந்திருக்க மாட்டான். இன்னொருவன் முதல் தேர்வில் குருட்டாம்போக்கில் சரியாக டிக் போட்டிருப்பான், அடுத்த முறை அந்த அதிர்ஷ்டம் இருக்காது. சிலர் எண்களை வீட்டில் உட்கார்ந்தே நிரப்பிவிடுகிறார்கள் என்பது ஊரறிந்தது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உண்மையாகவே பாடம் நடத்தி, தேர்வு வைத்து, தாள் திருத்தியவர்களும் சறுக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்போம்.

முதல் சறுக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது. ‘அறிவியல் கற்றல்’ என்பது கடல். செயலாய்வு என்ற பெயரை 1940களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உளவியலாளர் கர்ட் லெவின், திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், அதை வைத்து மறுபடி திட்டமிடு என்று சுற்றிச் சுற்றி வரும் வேலையாகத்தான் அதை விவரித்தார். பத்து நாளில் கடலை ஒருமுறை சுற்றி வரவே முடியாது. ஒரு வகுப்பு, ஒரு பாடம், அதில் பிள்ளைகள் தடுக்கி விழும் ஒரே ஓர் இடம், அது போதும்.

அப்படி ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடர் இணைப்பு. எந்த பல்பு அதிகப் பிரகாசமாக எரியும்? 10ஆம் வகுப்பு மின்னோட்டவியலில் ஓம் விதிக் கணக்கைத் தப்பில்லாமல் போடும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கணிசமானவர்கள் ‘முதல் பல்பு’ என்பார்கள். மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்து, நியூசிலாந்து என்று பல நாடுகளின் ஆய்வாளர்கள் 1980களிலேயே இதே பதிலைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகளையோ நம் பாடப் புத்தகத்தையோ மட்டும் குறை சொல்வதற்கில்லை.

டெல்டா பக்கத்துப் பையன் ஒருவன் எனக்குச் சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது: “தலைமடைக்காரன் பாய்ச்சினது போகத்தானே சார் கடைமடைக்கு வரும்?” வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிட நியாயமான பதில் எது? அவன் படிக்காதவன் அல்ல, யோசித்திருக்கிறான். தண்ணீர் வயலில் நின்றுவிடும். மின்னோட்டம் பல்பில் நின்றுவிடாது, உள்ளே போகும் அளவே வெளியே வரும், பல்பில் செலவாவது ஆற்றல்தான். அதனால் இரண்டு பல்புகளும் ஒரே அளவில்தான் எரியும். இந்த வேறுபாடுதான் அவனிடம் இல்லை. செயலாய்வுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ஆனால் அறிக்கைகளில் இவன் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் ஒரு வரிசை எண்ணாகத்தான் இருப்பான்.

அடுத்த சறுக்கல் வினாத்தாள். பெரும்பாலும் புக் பேக் கேள்விகளே முன்தேர்வாக வரும்: ஓம் விதியைக் கூறுக, மின்தடையின் அலகு என்ன. அதே தாளைப் பின்தேர்வுக்கும் ஜெராக்ஸ் எடுப்பார்கள். இடையில் நடத்திய பத்து வகுப்புகளில் அந்தக் கேள்விகளுக்கான விடையைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? ஏறியது மனப்பாடமா, புரிதலா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல வழியே இல்லை. செய்முறை மதிப்பெண்ணைத் தரவாக எடுப்பதும் இதே மாதிரிதான். பத்தாம் வகுப்பில் அதற்கு 25 மதிப்பெண். ஏறக்குறைய எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்கும் ஒன்றை வைத்து யாருக்கு என்ன புரிந்தது என்று அளக்க முடியாது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் டிரீகஸ்ட் 1980களில் உருவாக்கிய ஈரடுக்கு வினா முறை அது. முதல் அடுக்கில் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டாம் அடுக்கில் அதற்கான காரணத்தை. விடை சரியாகவும் காரணம் தவறாகவும் இருக்கும் தாள்கள்தான் ஆசிரியருக்குப் பொக்கிஷம். காரணங்களுக்கான தெரிவுகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். முதலில் ஏழெட்டுப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் ‘தலைமடை, கடைமடை’யையே ஒரு தெரிவாக வையுங்கள். பின்தேர்வுக்குப் படத்தை மாற்றுங்கள்: மூன்று பல்புகள், அல்லது நடுவில் ஒரு மின்தடை. கருத்து அதே, கேள்வி வேறு.

(பாடம் நடத்தும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் டார்ச் பல்புகள் ஒரே மாதிரி என்று எழுதியிருந்தாலும் சற்றே வித்தியாசமாக எரியும். முதல் பல்பு கொஞ்சம் அதிகமாக எரிந்துவிட்டால், ‘பார்த்தீங்களா சார்’ என்று பிள்ளைகள் தங்கள் தவறையே உறுதி செய்துகொள்வார்கள். பல்புகளை இடம் மாற்றிக் காட்டுங்கள். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின் என்று மூன்று இடங்களிலும் வைத்து அளக்கவிடுங்கள். அளப்பதற்கு முன் என்ன வரும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தரட்டும்.)

சரி, இப்போது நான் செய்த தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தேர்வில் கடைசி பத்து இடத்தில் இருந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து மாலையில் சிறப்பு வகுப்பு எடுத்தேன். அடுத்த தேர்வில் அந்தப் பத்துப் பேரின் சராசரி நன்றாக ஏறியிருந்தது. பெருமையோடு அறிக்கை எழுதிவிட்டேன். பிறகுதான் பக்கத்து செக்‌ஷன் மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். அங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. அங்கும் கடைசி பத்துப் பேர் ஏறியிருந்தார்கள், ஏறத்தாழ அதே அளவு.

இது மாயமில்லை. ஒரு தேர்வில் கடைசியில் நிற்பவர்களில் சிலர் எப்போதும் அப்படித்தான், சிலர் அன்றைக்கு மட்டும் அப்படி. அடுத்த முறை அந்த இரண்டாம் வகையினர் தங்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள், சராசரி தானாக ஏறும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை என்று 1886ல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் காட்டியது இதே சங்கதிதான். புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். ‘மெல்லக் கற்போருக்கான’ ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழியில் விழுந்தவை என்பது என் கணிப்பு.

அதனால் ஒப்பிட ஒரு குழு வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘அ’ பிரிவில் புதிய முறை, ‘ஆ’ பிரிவில் பழைய முறை என்று எழுதியிருப்பார்கள். விசாரித்தால் ‘அ’ ஆங்கில வழி, ‘ஆ’ தமிழ் வழி என்று தெரியவரும். அல்லது ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரித்த செக்‌ஷன்களாக இருக்கும். அந்த ஒப்பீட்டில் எதுவும் நிற்காது. ஒரே வகுப்பிலேயே இரண்டு பாடப் பகுதிகளை எடுத்து, ஒன்றைப் புதிய முறையிலும் மற்றதை வழக்கம்போலவும் நடத்திப் பார்ப்பது சின்னப் பள்ளிக்குத் தோதான வழி. குறை அதிலும் உண்டு, ஒரு பகுதி இயல்பாகவே எளிதாக இருக்கலாம். அந்தக் குறையை அறிக்கையில் எழுதிவிட்டால் போயிற்று.

முடிவை எழுதும் இடத்தில் ‘45 சதவீதம் முன்னேற்றம்’ என்று ஒரு வரி வரும். எதில் 45? நூற்றுக்கு 40 மதிப்பெண்ணிலிருந்து 70க்கு வந்த வகுப்புக்கு ஏறக்கூடிய இடம் 60, ஏறியது 30, ஆக 0.5. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் இப்படித்தான் கணக்கிட்டார். உயர்நிலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள். விசையும் இயக்கமும் பற்றிய கருத்துக் கேள்விகள். 1998ல் வெளியிட்டார். ஆசிரியர் மட்டும் பேசிய வகுப்புகளில் இந்த அளவு சராசரியாக 0.23. மாணவர்கள் கலந்து பேசி, உடனுக்குடன் திருத்திக்கொண்ட வகுப்புகளில் 0.48. கவனியுங்கள், நன்றாக நடந்த வகுப்புகளிலேயே பாதித் தூரம்தான் போக முடிந்திருக்கிறது. பத்து நாளில் 0.9 என்று ஒருவர் எழுதி வந்தால் நான் முதலில் வினாத்தாளைத்தான் கேட்பேன்.

இரண்டு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனையான டி-டெஸ்ட் போட்டு ‘0.05 அளவில் பொருண்மை உண்டு’ என்று எழுதுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தற்செயல் மட்டுமே காரணமாக இருந்தால் இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு பெரிய வேறுபாடு என்று சொல்லாது.

‘இந்த முறை பிடித்திருந்ததா?’ என்று கேட்டு, பிடித்தது என்றவர்களின் எண்ணிக்கையைக் கற்றலுக்குச் சான்றாகக் காட்டுவதும் வழக்கம். 2019ல் வெளியான ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், இயற்பியல் மாணவர்கள் தாங்களே வேலை செய்த வகுப்பில் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது, மதிப்பெண் அப்படிச் சொல்லவில்லை. ஆக, கேட்பது நல்லதுதான், சான்றாக எடுக்காதீர்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தும் ஆய்வுகளையும் விட்டுவிடலாம். அப்படிப் பிரிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008லேயே விரிவான மதிப்பீடு வந்துவிட்டது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பின்னிணைப்பில் பிள்ளைகளின் பெயர், சாதிப் பிரிவு, மதிப்பெண், புகைப்படம் எல்லாவற்றையும் ஒட்டுகிறார்கள். வரிசை எண் போதும்.

கடைசியாக, எப்போது செய்வது? பயிற்சி வகுப்புக்கு வரும்போதெல்லாம் ஜனவரியில் பத்தாம் வகுப்பை எடுத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கிறேன். அப்போது திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். காலை, மாலை சிறப்பு வகுப்பு, டியூஷன் வேறு. மதிப்பெண் ஏறினால் எதனால் ஏறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பை எடுங்கள். ஜூலையில் பேசிப் பார்த்து, ஆகஸ்டில் நடத்தி, பாடம் முடிந்த மறுநாள் ஒரு தேர்வும், காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொன்றும் வையுங்கள். இரண்டாவது தேர்வில் நாலைந்து பேர் மறுபடி ‘முதல் பல்பு’ என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தாள்களைத் தனியே எடுத்துவைத்து, அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அடுத்த சுற்றுக்கான கேள்வி அங்கேதான் இருக்கிறது.