ஹைட்ராலிக் பிரேக் வாங்குவதற்கு முன் சைக்கிளைக் குனிந்து பாருங்கள்

சிறுமலையிலிருந்து திண்டுக்கல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியிருப்பேன். பின் பிரேக் லீவரை அழுத்திவிட்டு விரலை எடுத்தால், லீவர் ஆற அமரத் திரும்பி வந்தது. அடுத்த வளைவில் வரவே இல்லை. பிரேக் பிடித்தபடியே நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி டிஸ்க்கில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று போனது.

இதற்கான காரணம் மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. லீவர் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, ஏர் எடுக்க (ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும் என்று தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் சைக்கிளை விட்டிருந்தேன். "அண்ணே, இதுக்கு வேற ஆயில்னு சொல்றாங்களே" என்று இழுத்தேன். "பிரேக் ஆயில்னா பிரேக் ஆயில்தான் தம்பி, தினம் பத்து வண்டிக்கு இதத்தான் ஊத்துறேன்" என்றார். அவர் ஊற்றியது மோட்டார் பைக்குக்கு ஊற்றும் டாட் 4 ஆயில். என்னுடையது மினரல் ஆயில் பிரேக். உள்ளே இருந்த ரப்பர் சீல்கள் ஊறிப் பருத்துவிட்டன. லீவரையும் காலிப்பரையும் (சக்கரத்தருகே டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அவர் மேல் குற்றமில்லை. எந்த ஆயில் என்று எனக்கே உறுதியாகத் தெரியாமல் கொடுத்ததுதான் தப்பு.

ஆகவே, மவுண்டன் பைக்குக்கு ஹைட்ராலிக் பிரேக் (கம்பிக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்) தேடுகிற நண்பர்கள் "எது பவர் அதிகம்?" என்று கேட்டால், "எந்த ஆயில்? அதற்கான பேட் (டிஸ்க்கில் உராயும் கட்டை) மதுரையில் கிடைக்குமா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மூன்றும் மினரல் ஆயில். ஹேய்ஸ், ஹோப் பெரும்பாலும் டாட் வகை. ஸ்ராம் பிரேக்குகள் வெகுகாலம் டாட் ஆயிலில்தான் ஓடின; ஆனால் டிபி8, மேவன் மாடல்கள் மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன. அதனால் பிராண்டு பெயரை வைத்து முடிவு கட்டாமல், லீவரின் மூடியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். டாட் ஆயில் எந்த டூவீலர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும் என்பது ஒரு வசதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறியதும் தரக்கணக்கில் 155 வரை இறங்கலாம். அதைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. இரண்டு மூன்று வருடம் சைக்கிளைத் திறந்துகூடப் பார்க்காதவர்களுக்கு (நானும் அந்த ஜாதிதான்) மினரல்தான் நல்லது. கூடவே ஒரு பாட்டில் ஆயிலும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், எந்த மெக்கானிக்கிடம் போனாலும் கையோடு கொண்டுபோகலாம்.

அப்புறம், சைக்கிளைப் பார்க்காமலே பிரேக்கை ஆர்டர் செய்வது. பெட்டி வந்த பிறகுதான் பலர் குனிந்து பார்க்கிறார்கள். முதலில் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் பூட்ட இடம் இருக்கிறதா, ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) டிஸ்க் பூட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். வி-பிரேக் (சக்கரத்தின் விளிம்பை இரு பக்கமும் பிடிக்கும் பிரேக்) சைக்கிளில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. அப்படியென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. டிஸ்க் சைக்கிள்தான் என்றால் மவுண்ட் எந்த வகை என்று தெரிய வேண்டும். போல்ட் போகும் துளைகள் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் குறுக்கே போனால் அது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு. இரண்டு துளைகளுக்கும் நடுவே 51 மி.மீ. இருக்கும். முன்பின்னாகப் போனால் போஸ்ட் மவுண்ட், 74 மி.மீ. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அடாப்டர் உண்டு, சின்ன விஷயம்தான். ஆனால் அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் அன்றைய பொழுது போச்சு.

பணத்தைக் கடிக்கிற இடம் வேறு. குறைந்த விலை மவுண்டன் பைக்குகள் பலவற்றில் கியர் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக வரும். பழைய பிரேக் லீவரைக் கழற்றினால் கியரும் கூடவே போய்விடும். பிரேக்குக்கென்று பட்ஜெட் போட்டவர், தனி ஷிஃப்டர் ஒரு ஜோடிக்கும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லுகிற கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று, வலதா இடதா என்பது. நம்மூரில் மோட்டார் பைக்கில் வலது கை லீவர்தான் முன் பிரேக், சைக்கிளிலும் அதே பழக்கம். அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்கு வரும் செட்டுகளில் முன் சக்கரத்துக்கான குட்டை ஹோஸ் (ஆயில் குழாய்) பெரும்பாலும் இடது லீவரில் இருக்கும். ஆயில் நிரப்பி, ஏர் எடுத்து, அப்படியே பூட்டச் சொல்லித் தருகிற செட்டு அது. ஹோஸை மாற்றிப் போட வேண்டுமென்றால் இணைப்பைக் கழற்றி, உள்ளே நசுங்கி உட்காரும் சின்ன வளையத்தைப் புதிதாகப் போட்டு, மறுபடி ஏர் எடுக்க வேண்டும். "பரவாயில்லை, இடது கையிலேயே முன் பிரேக் இருக்கட்டும்" என்று விடுவது ஆபத்து. பகலெல்லாம் பைக் ஓட்டும் கை, பதறும்போது பழகினதைத்தான் செய்யும். வாங்கும்போதே வலது கை முன் பிரேக் செட்டு என்று கேட்டு வாங்குங்கள்.

நாலு பிஸ்டன் (பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும் உருளை) மோகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகமலை ஓரத்து மண் பாதைக்கும், கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் காலையில் ஒரு சுற்றுக்கும் இரண்டு பிஸ்டன் தாராளம். எப்படியும் டயர் பிடிக்கிற அளவுக்குத்தான் பிரேக் நிறுத்தும்.

மலை இறக்கத்தின் கணக்கு வேறு, அங்கே எதிரி சூடு. ஆளும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ, 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரம் தருகிற மொத்த ஆற்றலும் வெப்பமானால், 30 டிகிரியில் இருக்கும் 3 லிட்டர் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுபோகும். கொஞ்சம் காற்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் பெரும்பாலும் அந்த இரண்டு தகடுகள் மேல்தான். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை 1,500 மீட்டருக்கும் அதிகமான இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே உராய்ந்துகொண்டு வந்தால் பேட் காய்ந்து பிடிப்பு விட்டுப்போகும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, நடுவில் விட்டு ஆறவிட வேண்டும்.

இதற்குக் காலிப்பரைவிட டிஸ்க்கின் அளவுதான் பெரிய உதவி. 160-இலிருந்து 180 மி.மீ.க்கு மாறினால் அதே அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி, சூடு பரவவும் கூடுதல் இடம். முன்னால் 180, பின்னால் 160 என்பது மதுரையிலிருந்து மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு என் சிபாரிசு. 203-க்குத் தாவுவதற்கு முன் உங்கள் ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும் என்று அதன் கம்பெனி சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

பேடில் ரெசின், மெட்டல் என்று இரண்டு பெரிய வகை. ரெசின் சத்தமில்லாதது, உடனே கடிக்கும். ஆனால் சூட்டிலும் மழைச் சேற்றிலும் சீக்கிரம் தேயும். மெட்டல் சூடு தாங்கும், ஈரத்திலும் நாள்படும், கொஞ்சம் கத்தும். மலைக்குப் போகிறோமே என்று மெட்டல் பேடை வாங்கிப் போட்டுவிட்டு, டிஸ்க்கைப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே தவறு. ஷிமானோ ஆர்டி26, ஆர்டி10 போன்ற அடிமட்ட டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கும். அவை மென்மையான தகடு, மெட்டல் பேட் அதை அரத்தால் ராவுகிற மாதிரி ராவிவிடும். புதிதில் 1.8 மி.மீ. இருக்கும் ஷிமானோ டிஸ்க் 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

என் அம்மா செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு சைக்கிளைத் துடைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று இரண்டு டிஸ்க்கிலும் சந்தனம் குழைத்து அழகாகப் பொட்டு வைத்துவிட்டார். குங்குமம் ஒட்டட்டும் என்று விரலில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் வேறு. மறுநாள் பிரேக் பிடித்தால் யானை பிளிறுகிற சத்தம், ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. எண்ணெய் குடித்த பேடை மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பேடைப் புதிதாகப் போட்டேன். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் இதே வேலையைச் செய்யும். இப்போது அம்மா பொட்டை சீட் கம்பியில் வைக்கிறார்.

புது பேட் போட்ட அன்றே மலைக்குக் கிளம்பாதீர்கள். வண்டியில்லாத ஒரு தெருவில் நல்ல வேகம் எடுத்து, நடை வேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து என்று ஒரு இருபது தடவை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். முதல் ஐந்தாறு தடவையில் "ஏமாந்துவிட்டோமோ" என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு கடி வருவது விரலிலேயே தெரியும்.

திண்டுக்கல்லுக்கு சைக்கிளை பஸ் டிக்கியிலோ காரிலோ ஏற்றச் சக்கரத்தைக் கழற்றுகிறோம் அல்லவா, அப்போது யாராவது சும்மா லீவரை அழுத்திப் பார்த்தால் பிஸ்டன்கள் முன்னால் வந்து நின்றுவிடும்; டிஸ்க் உள்ளே நுழையாது. பிரேக் பெட்டியில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் துண்டு வரும், அதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. நானும்தான். போன மாதம் பையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்துக் காலிப்பருக்குள் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.