ஊழியத்துக்கு வெளிநாடு போகும் தம்பதியருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு இளம் ஜோடி வந்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு சபைப் பள்ளிக்கு ஊழியத்துக்குப் போகிறார்களாம், "அக்கா, ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். தம்பி கையில் தடித்த ஃபைல். பட்டம், பணி உத்தரவு, பேராயர் கடிதம் எல்லாம் வரிசையாக பிளாஸ்டிக் உறைக்குள். "உன் சர்டிபிகேட் எங்கம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நர்சிங் படித்தவள். "அவருக்குத்தானே அக்கா வேலை, நான் கூடத்தானே போறேன்" என்றாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். 12 வருடத்துக்கு முன்னால் இதையே, கிட்டத்தட்ட இதே வார்த்தையில், நான் சொல்லியிருக்கிறேன்.

நானும் எங்கள் வீட்டுக்காரரும் மலாவியின் தென்பகுதியில், ஜொம்பா மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் 6 வருடம் இருந்தோம். பாஸ்போர்ட் காலாவதி, கொசுவலை, பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டில் உடைவது பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

மொழியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது

போன மறுநாள் காலை வாசலில் யாரோ "ஓடி! ஓடி!" என்று கூப்பிட்டார்கள். பாம்போ என்னவோ என்று இவர் செருப்பைத் தேடினார். சிச்சேவா மொழியில் அது 'உள்ளே வரலாமா' என்று கேட்பது. 'ஓடினி' என்று பதில் சொல்லவேண்டும். இது சிரிப்போடு போயிற்று. அடுத்தது போகவில்லை. அங்கே ஆங்கிலம் செல்லும், இவர் வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதனால் வாத்தியார் வைத்துக்கொள்ளாமல், தெருவில் விளையாடும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டே நான் மொழி பழகினேன். அவர்கள் ஒருவரையொருவர் 'இவே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், எழுபதைத் தாண்டிய சபை மூப்பரிடம் அதே 'இவே' போட்டு, சாப்பிட வரச் சொன்னேன். இவே என்றால் நீ. பெரியவர்களுக்கு 'இனு', அதாவது நீங்கள். வாலாஜாப்பேட்டையில் வந்த புதிதில் ஒரு மருமகள் சபை ஐயரைப் பார்த்து "நீ வா, சாப்பிடு" என்றால் எப்படி இருக்கும்? அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து சாப்பிட்டார். யாரும் என்னைத் திருத்தாததால் இன்னும் எத்தனை பேரை அப்படிக் கூப்பிட்டேனோ.

சம்பளத்துக்கு ஒரு வாத்தியார் வையுங்கள். இரண்டு பேருமே படியுங்கள்.

ஒருவருடைய காகிதத்தோடு மட்டும் விமானம் ஏறுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், அதிலும் என் மேலேயே. சபையின் அழைப்புக் கடிதத்தில் 'தம்பதியராக ஊழியம் செய்ய' என்று அழகாக எழுதியிருப்பார்கள். வேலை அனுமதி ஒருவர் பெயரில்தான் வரும். இன்னொருவர் அவரைச் சார்ந்தவர், அவ்வளவுதான்.

நான் வேலூரில் 9 வருடம் பிரசவ வார்டு பார்த்தவள். மலாவியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. ஒரே ஒரு மருத்துவச்சி, காலையிலேயே வெளித் திண்ணை நிறைய வயிற்றுப்பிள்ளைக்காரிகள். உதவி செய்கிறேன் என்று போய் நின்றேன். "உங்கள் பதிவு எண்?" என்று கேட்டார் அந்த அம்மாள். இந்த நாட்டில் இல்லை என்றேன். அப்படியானால் ஊசியைத் தொடக்கூடாது என்று சொல்லி, உட்கார நாற்காலி மட்டும் கொடுத்தார். அவர் செய்தது சரி. நம் ஊரிலும் அதுதான் சட்டம்.

அந்த எண்ணை வாங்க 14 மாதம் ஆயிற்று. என்ன பாடங்களை எத்தனை மணி நேரம் படித்தோம் என்ற விவரத்தோடு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். இங்கே நர்சிங் கவுன்சிலில் நம் பதிவு நடப்பில் இருக்கவேண்டும். நம் மேல் புகார் எதுவும் இல்லை என்ற கடிதம் இங்குள்ள கவுன்சிலிலிருந்து நேராக அங்குள்ள கவுன்சிலுக்குப் போகவேண்டும், நம் கையில் கொடுத்தால் செல்லாது. சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்வதற்கான முத்திரை. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. ஊரில் இருக்கும்போதே அலைந்திருந்தால் ஒவ்வொன்றாக முடித்திருக்கலாம். நானோ பதிவைக்கூடப் புதுப்பிக்காமல் கிளம்பியிருந்தேன். 71 வயது அப்பா எனக்காக மஞ்சள் பையோடு படியேறினார். போன இடமெல்லாம் "அவங்களே வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்கள்.

அந்த 14 மாதம் எப்படிப் போயிற்று என்றால், காலையில் தண்ணீர் பிடித்து, களி கிண்டி (அவர்களுடைய ந்சிமா, நம் கேழ்வரகுக் களிக்கு வெள்ளை மக்காச்சோளத்தில் பிறந்த தங்கச்சி), இவரை அனுப்பிவிட்டால், அப்புறம் நாள் முழுக்க வாசலில் "ஓடி! ஓடி!"தான். ஞாயிறு பள்ளி, விருந்தாளி, சபைப் பெண்கள் கூட்டம், எல்லாம் 'சும்மா இருக்கிற' ஆள் தலையில். சாயங்காலம் வந்ததும் இவர் சாதாரணமாகத்தான் கேட்பார், "இன்னைக்கு என்ன பண்ணே?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பெரிய சண்டைகள் எல்லாம் அந்தக் கேள்வியில் ஆரம்பித்தவை. அங்கே மாலை ஐந்தரை என்றால் வேலூரில் இரவு ஒன்பது, அம்மா போன் செய்து "ஊழியம் எப்படிம்மா போகுது?" என்பார். நல்லா போகுதும்மா என்று பொய் சொல்வேன்.

இது புதுக் கதையும் அல்ல. ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய காலத்தில், அமெரிக்க மிஷன் பதிவுகள் மனைவியை 'உதவி மிஷனரி' என்றுதான் எழுதின. அதே குடும்பத்தில் பிறந்து, பின்னால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூருக்கு வந்தபோது கையில் அவருடைய சொந்த மருத்துவப் பட்டம் இருந்தது. தினமும் அந்த அம்மையார் பெயரைச் சொல்லும் ஊரில் பிறந்துவிட்டு, எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

பட்டம் இல்லாதவர் என்றாலும், அங்கே அவருக்கு என்ன வேலை, வாரத்தில் எத்தனை நாள் என்று கிளம்பும் முன்பே சபையிடம் எழுத்தில் வாங்குங்கள். டாக்டர் மனைவியோடு போகும் கணவன்மார் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் வாய்விட்டும் சொல்லமாட்டார்கள்.

வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பணம்

நீங்களே கொடுக்காதீர்கள். மூப்பர்கள் வழியாகப் போகட்டும்.

சாவுக்குப் போகாமல் இருப்பது

வகுப்பு இருக்கிறது என்று இவர் ஒரு முறை போகவில்லை. அங்கே சாவு என்றால் ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து உட்காரும். வராதவரை யாரும் மறப்பதில்லை. பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெண்களோடு பாயில் உட்கார்ந்தால் போதும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

'நாங்கள் போகிற நாட்டில்தான் அது இல்லையே' என்பார்கள். வழியில் எந்த நாடு என்று பாருங்கள். அடிஸ் அபாபாவில் விமானம் மாறும்போது ஹோட்டல் கொடுத்தார்களே என்று வெளியே போய்த் தூங்கினால், எத்தியோப்பியா இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பி இங்கே வந்து இறங்கினால் 6 நாள்வரை தனியாக அடைத்து வைக்கலாம். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

லீவுக்கு எப்போது வருவது

மே மாதம் வேண்டாம். அங்கே அப்போதுதான் குளிர் ஆரம்பிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றாமல் கிளம்பி, அக்னி நட்சத்திரத்தில் காட்பாடியில் வந்து இறங்கினோம். இவர் நான்கு நாள் படுத்துவிட்டார்.