சின்னப் பிள்ளைகளோடு ஒன்றாக இரவுச் சாப்பாடு: முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அப்போது சார்ஜ் போடுகிற விளக்கு ஒன்றுதான் இருந்தது. அது அணைவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ரீவி இல்லை. போனில் இருக்கிற கொஞ்சச் சார்ஜையும் வீணாக்க மனமில்லை. என் கணவர், அம்மா, அப்போது இரண்டு வயதான மூத்தவள், நான் எல்லோரும் அந்த வெளிச்சத்தைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தோம். பிள்ளை பிறந்த பிறகு நான் இடியப்பத்தைச் சூடாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மின்சாரம் திரும்பி வந்தது, பழைய ஒழுங்கும் கூடவே வந்தது. நான் கோப்பையும் கையுமாகப் பிள்ளைக்குப் பின்னால் பல்கனிக்கும் ஹோலுக்கும் நடப்பேன். இவர் வேலையால் வந்து ரீவிக்கு முன்னால் சாப்பிடுவார். அம்மா நாடகம் முடிந்த பிறகு. கடைசியில் நான், குசினியில் நின்றபடியே, ஆறிப்போன சொதியோடு. இரண்டாமவன் நடக்கத் தொடங்கியதும் இரண்டு திசையில் ஓட என்னால் முடியவில்லை. விளக்கு இல்லாமலே அந்தப் பாயைத் திரும்ப விரிக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

இப்போது மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. பிள்ளைகளை நிறையச் சாப்பிட வைக்கிற வித்தை எதுவும் என்னிடம் இல்லை. நான் இதைத் தொடங்கியது என் வயிற்றுக்காக. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. நாளையும் நேரத்தையும் பிடியுங்கள்

வாரத்தில் இரண்டு நாள் போதும். ஏழு நாளும் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே கைவிடுவீர்கள், நான் அப்படித்தான் ஒருமுறை கைவிட்டேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயிலுக்குப் போய் வரவே நேரமாகிவிடும். நாங்கள் செவ்வாயும் ஞாயிறும் எடுத்தோம். முதல் ஒத்திகைக்குப் போயா விடுமுறை நல்லது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அடுத்த நாள் பாடசாலை என்ற பயம் இருந்தாலும் அந்த நாளின் அலுப்பு இருக்காது.

நேரம் 6.45. கொழும்பில் வருடம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டியோ ஆறரையை ஒட்டியோ மறைந்துவிடும். விளையாடிவிட்டுக் கைகால் கழுவி வர இந்த நேரம் சரியாக இருக்கும். விடிய ஐந்தரைக்கு எழும்புகிற பிள்ளை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுகைதான் வரும். அதைப் பிடிவாதம் என்கிறோம், பாதி நேரம் அது நித்திரை.

அப்பாவுக்காகக் காத்திருப்பதா? இவருடைய பஸ் காலி வீதியில் எங்கே நிற்கிறது என்று பிள்ளையின் வயிற்றுக்குத் தெரியாது. 6.45க்குத் தொடங்கிவிடுங்கள். அவர் 7.10க்கு வந்தால் கையைக் கழுவிவிட்டு அப்படியே பாயில் சேரட்டும். அவர் இல்லாத நாளும் கணக்கில் சேரும்.

2. பின்னேரப் பாலை அடக்குங்கள்

எங்கள் வீடுகளில் இரவுச் சாப்பாடு குழம்புவது பெரும்பாலும் பின்னேரம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்தான். பாடசாலை 1.30க்கு விடும். இரண்டு மணிக்குச் சோறு. ஒரு சின்ன நித்திரை. எழும்பியதும் ஒரு பெரிய கப் பால்மாப் பால், இரண்டு பிஸ்கட். ஐந்தரைக்குப் பணிஸ் ஒன்று. ஆறு மணிக்கு, அழுததால், இன்னும் ஒரு பிஸ்கட். இதற்குப் பிறகு 6.45க்கு எந்தப் பிள்ளை சாப்பிடும்? எனக்கே பசிக்காது.

ஆகவே 4.30க்குக் கடைசித் தீனி. அதன்பிறகு தண்ணீர் மட்டும். பால் கொடுங்கள், சின்னக் கப்பில். நாள் முழுக்கப் பாலிலேயே வயிறு நிறைந்தால் இரும்புச்சத்துள்ள சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது. தேத்தண்ணி கேட்டாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம், பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதை அது தடுக்கும்.

முதல் மூன்று நாள் கஷ்டம். எங்கள் வீட்டில் பிள்ளைகளைவிட என் அம்மாதான் கஷ்டப்பட்டார். "பிள்ளை பசியில கிடக்குது, உனக்கு மனம் இரங்கேல்லையே?" என்று கேட்டார். "பசி இருந்தால்தானே அம்மா இரவைக்குச் சாப்பிடுவினம்" என்றேன். அன்றைக்கே அவரது சேலைத் தலைப்பில் மாரி பிஸ்கட் ஒன்று பிடிபட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்: 4.30 தீனியின் முழுப் பொறுப்பையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். வாழைப்பழமோ பப்பாசியோ அவரே வெட்டி, அவரே பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து கொடுப்பார். கொடுக்கிற சந்தோஷம் ஒருமுறை கிடைத்துவிட்டால் அம்மம்மாமார் ஆறு மணிக்கு ஒளித்துக் கொடுப்பதில்லை. குறைந்தது தினமும் இல்லை.

(முந்திரிகைப் பழம், அதாவது திராட்சை, கொடுத்தால் நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள். முழுக் கச்சான், முழுக் கஜு ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.)

3. ஒரே சட்டி, உறைப்பு கடைசியில்

பிள்ளைக்கு ஒரு சமையல், பெரியவர்களுக்கு ஒரு சமையல் என்று செய்கிற வரைக்கும் நீங்கள் பாயில் உட்கார மாட்டீர்கள். இந்தப் படியைத்தான் நான் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்தது. விஷயம் சின்னது: எல்லாவற்றையும் உறைப்பில்லாமல் சமைத்து, பிள்ளைகளின் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மிளகாயைச் சேருங்கள்.

இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். வெள்ளவத்தையில் பின்னேரமானால் கடைகளில் சிவப்பு, வெள்ளை இரண்டும் சுடச்சுடக் கிடைக்கும். கிழமை நாளில் மா குழைத்து உரலில் பிழிவது வீரம்தான், ஆனால் அந்த வீரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொதியை மட்டும் வீட்டில் வையுங்கள். கடைச் சொதியில் மிளகாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதைத் திருப்பி எடுக்க முடியாது.

மூன்று பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சொதி இப்படி:

ஒரு தேங்காயைத் திருவி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கப் விட்டுப் பிழிந்து கட்டிப்பாலைத் தனியாக வையுங்கள். அதே பூவில் இரண்டு கப் தண்ணீர் விட்டு மறுபடி பிழியுங்கள், இது தண்ணிப்பால். தண்ணிப்பாலில் அரிந்த சின்ன வெங்காயம் ஏழெட்டு, சின்னச் சதுரங்களாக வெட்டிய உருளைக்கிழங்கு ஒன்று, தக்காளி ஒன்று, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு போட்டுக் கிழங்கு அவியும் வரை கொதிக்க விடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். இப்போது நெருப்பைக் குறைத்துக் கட்டிப்பாலை விட்டுத் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை எழும்பும்போது அடுப்பை நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்கான சொதியை இந்த இடத்தில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மிச்சத்தில் கீறிய பச்சை மிளகாய் மூன்று நான்கு போட்டு, கொதிக்க விடாமல் மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் தேசிக்காய்ப் புளி. ஆறவிடுவது முக்கியம். முதல் தடவை நான் கொதிக்கிற சட்டியில் பிழிந்தேன், பால் திரைந்து போனது. "இது சொதி இல்லை, மோர்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பருப்பும் இதே மாதிரித்தான். மைசூர்ப் பருப்பை மஞ்சள், உள்ளியோடு அவித்து, கொஞ்சம் கட்டிப்பால் விட்டு இறக்கி, பிள்ளைகளுக்கு எடுத்த பிறகு செத்தல் மிளகாய் போட்டுத் தாளித்து ஊற்றுங்கள். மீன் பொரித்தால் பிள்ளைகளின் துண்டுகளுக்கு உப்பும் மஞ்சளும் மட்டும். அவற்றை முதலில் பொரித்தெடுங்கள், அதற்குப் பிறகு மிளகாய்த்தூள் பூசியவை. அறக்குளா விலைதான், ஆனால் நடு முள் பெரிதாக இருப்பதால் எடுக்க இலகு. எந்த மீனானாலும் பிள்ளையின் கோப்பைக்குப் போக முன்னர் உங்கள் விரலால் ஒருமுறை பிசைந்து பாருங்கள், கண் ஏமாற்றும். சம்பல் பெரியவர்களுக்குத் தனிக் கிண்ணத்தில்.

4. பாயா, மேசையா?

மேசை அழகு. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் கால் கதிரையிலிருந்து தொங்கும். தொங்குகிற கால் சும்மா இருக்காது, ஆடும், உதைக்கும், பிறகு இறங்கி ஓடும். மேசைதான் வேண்டுமென்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி வையுங்கள். எங்கள் தெரிவு பாய். கீழே பழைய பத்திரிகை இரண்டு விரித்தால் சொதி கொட்டினாலும் சுருட்டி எறிந்துவிடலாம். தண்ணீரை அரைக் கப்புக்கு மேல் ஊற்றாதீர்கள்.

போன்கள் எல்லாம் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு கூடைக்குள். பெரியவர்களுடையதும்தான். இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு சொன்னது. அந்த ஒரு மணியைச் சாப்பாட்டில் செலவழித்தால், வீடியோ இல்லாமல் வாய் திறக்காத பிள்ளைதான் கையில் இருக்கும். என் மூத்தவள் அப்படித்தான் இருந்தாள். மறக்கடிக்க இரண்டு கிழமை எடுத்தது, அந்த இரண்டு கிழமையும் அவள் குறைவாகத்தான் சாப்பிட்டாள். மெலிந்து போகவில்லை.

5. பரிமாறுவதும் ஊட்டுவதும்

சட்டிகளை நடுவில் வையுங்கள். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு பங்கீடு சொல்கிறார்: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்களின் வேலை, அதில் எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்பது பிள்ளையின் வேலை. கேட்க இலகு. "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக" என்று வளர்ந்த எங்களுக்கு அந்த வாயை அடக்குவதுதான் கஷ்டம்.

சின்னவனே இடியப்பத்தைத் தன் கையால் எடுக்கட்டும். மூன்று எடுத்து ஒன்றைத்தான் சாப்பிடுவான், முதலில். அதனால் சட்டியில் பிள்ளைக்கு நிச்சயம் பிடித்த ஒன்று எப்போதும் இருக்கட்டும், வெறும் பருப்பானாலும் சரி. புட்டு என்றால் சொதியில் நன்றாக ஊறவிட்டுக் கொடுங்கள், காய்ந்த புட்டு விக்கும்.

ஊட்டுவது பாவமில்லை. குழைத்து உருட்டிய ஒரு கவளத்தைக் கையில் வாங்குகிற சுகம் எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும். என் விதி இதுதான்: நான் எழும்ப மாட்டேன். ஊட்ட வேண்டுமா, என் பக்கத்தில் வந்து உட்கார். எனக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். எழும்பி ஓடினால் கவளம் பின்னால் வராது.

6. "எனக்கு வேண்டாம்"

வரும். முதல் நாளே வரும். "சரி, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். பாண் வெட்டி பட்டர் பூசிக் கொடுக்கக் குசினிக்கு ஓடாதீர்கள், ஒருமுறை ஓடினால் அதுதான் இனி இரவுச் சாப்பாடு. 25 நிமிடம் ஆனதும் திட்டாமல் கோப்பையை எடுத்துவிடுங்கள்.

புதுக்கறி ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள பத்துத் தடவைக்கு மேலும் அதைக் காண வேண்டியிருக்கலாம். மூத்தவள் வல்லாரைச் சம்பலைப் பல மாதம் கோப்பையின் ஓரத்திலேயே வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கோப்பையிலிருந்து எடுத்துத் தின்றாள். தன் கோப்பையில் இருந்ததை அன்றைக்கும் தொடவில்லை. பிள்ளை நாள்பட எதையுமே சாப்பிடாமல் நிறை குறைந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், அது பாயில் தீர்கிற விஷயம் இல்லை.

7. கதை

"இன்றைக்கு ஸ்கூலில் என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பஸ்ஸில் யாரோ என் காலை மிதித்த கதையை நான் சொன்னபோது, வகுப்பில் தன் ரப்பரை யார் எடுத்தது என்று மூத்தவள் தானாகச் சொன்னாள். வீட்டுப்பாடம், பரீட்சை, புள்ளி மூன்றுக்கும் பாயில் இடமில்லை.

8. முடிந்த பிறகு

பிள்ளைகள் தங்கள் கோப்பையைத் தொட்டிவரை கொண்டுபோகட்டும். பிளாஸ்டிக் கோப்பையாக இருந்தால் உங்களுக்கும் நிம்மதி. பத்திரிகையைச் சுருட்டுவது அம்மம்மா. சட்டி கழுவுவது சமைக்காதவர். இதை நான் வாயால் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் இவர் மறந்துவிட்டார். இப்போது எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, போன் கூடைக்கு நேர் கீழே.