சீன வனப்பெழுத்து வரலாற்று நூலை வடிவமைப்பது எப்படி?

தூரிகையால் எழுதும் கலையான சீன வனப்பெழுத்தை அலங்காரப் படமாக எண்ணி, அழகாகத் தெரியும் துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பக்கத்தை நிரப்பும் நூல்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே விரைந்தது, எங்கே மை வற்றியது என்பதை வாசகர் தம் கண்ணால் பின்தொடரும்படி பக்கத்தை அமைப்பதே வடிவமைப்பாளரின் வேலை.

படி 1: படைப்புகளைத் தேர்ந்தெடுங்கள்

ஆன்யாங்கில் கிடைத்த ஷாங் காலத்து எலும்புப் பொறிப்புகள், கி.மு. 221இல் நாட்டை ஒன்றிணைத்த சின் அரசு தரப்படுத்திய முத்திரை எழுத்து என்னும் பழைய எழுத்துவகை, கி.பி. 185இல் பொறிக்கப்பட்ட சாவ் சுவான் கல்வெட்டு என ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு படைப்புப் போதும். பத்துச் சிறு படங்களைவிட முழுமையான ஒன்றே அதிகம் கற்றுத்தரும்.

படி 2: நூல் திறக்கும் பக்கத்தை முடிவு செய்யுங்கள்

பழைய சீன எழுத்து மேலிருந்து கீழாகவும், வரிசைகள் வலமிருந்து இடமாகவும் செல்லும். ஆகவே தமிழ்க் கட்டுரைகளை இடப்பக்கத்திலிருந்தும், படத்தொகுதியை வலப்பக்கத்திலிருந்தும் தொடங்கி, இரண்டும் நடுவில் சந்திக்குமாறு அமைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

படி 3: பக்க அளவைச் சுருளிலிருந்து பெறுங்கள்

வனப்பெழுத்துக் கலைஞர் வாங் சிஜி கி.பி. 353இல் எழுதிய 'லான்டிங் முன்னுரை' என்னும் படைப்பின் மூலப்படி இன்று இல்லை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள ஷென்லாங் எனப்படும் நகல் சுருள் 24.5 செ.மீ. உயரமும் 69.9 செ.மீ. நீளமும் கொண்டது. பக்கத்தை 28 செ.மீ. உயரம், 24 செ.மீ. அகலம் என வைத்துக்கொண்டால், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் இடப்பக்கம் விரியும் ஒரு மடிப்புத் தாளும் சேர்ந்து அதை அசல் அளவிலேயே தாங்கும். மடிப்புத் தாளை அரை செ.மீ. குறைத்து வெட்டுங்கள், இல்லையெனில் மடிக்கும்போது தையலில் முட்டும். அந்த 28 வரிசைகளில் எதையும் நடுத்தையல் விழுங்கக் கூடாது என்பதால், தையல் இரு வரிசைகளுக்கு இடையே விழுமாறு படத்தைப் பிரித்து வையுங்கள். 'ஜி' என்னும் ஒரே எழுத்து அதில் சுமார் இருபது முறை வந்தும் ஒவ்வொரு முறையும் வேறு உருவம் கொள்வதை, முழுப் படைப்பும் கண்முன் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

படி 4: மையின் நிறத்தைக் காப்பாற்றுங்கள்

கிளர்ச்சியில் கொல்லப்பட்ட ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்காக வனப்பெழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங் கி.பி. 758இல் எழுதிய இரங்கல் வரைவு தைபேயில் உள்ளது. தூரிகையை மையில் தோய்த்ததும் கனத்துத் தொடங்கும் எழுத்து, போகப்போக வறண்டு கீற்றுகளாகிறது. அடித்துத் திருத்திய சொற்களும் அப்படியே நிற்கின்றன. இந்தக் கீற்றுகள் ஒற்றைக் கறுப்பில் அச்சிட்டால் அடைபட்டுப்போகும் என்பதால், நான்கு வண்ண அச்சையும் பளபளப்பில்லாத தாளையும் கேளுங்கள். அடித்தல்களைக் கணினியில் 'சுத்தம்' செய்யாதீர்கள். கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி மை ஒற்றியெடுத்த மைப்படி கறுப்பில் வெள்ளையாக இருந்தால் அவ்வாறே இருக்கட்டும்.

படி 5: எழுத்துரு

தூரிகையைப் போலி செய்யும் எழுத்துருக்களைத் தலைப்பில் தவிர்த்துவிடுங்கள். உண்மையான எழுத்தின் அருகே அவை வெளிறிப்போகும். சீனப் பெயர்களுக்குச் சோங் பாணி என்னும் வழக்கமான சீன நூல் அச்செழுத்தையும், 1956இல் எளிமையாக்கப்படுவதற்கு முந்தைய வடிவங்களையும் பயன்படுத்துங்கள்.

படி 6: மாதிரிப் படி

அச்சுக்கு அனுப்பும் முன், அதே தாளில் ஒரு மாதிரியைத் தைத்து மேசைமேல் விரியுங்கள். கையை எடுத்ததும் நூல் தானாக மூடிக்கொண்டால், தாளை மெல்லியதாக மாற்றி, தாள் இழையின் திசையைத் தையலுக்கு இணையாக வைத்து மீண்டும் தையுங்கள்.