தும்பைப் பூவைக் கிட்டத்தில் பார்க்கும் முறை

வெளுத்த வேட்டியைத் தும்பைப் பூ மாதிரி இருக்கிறது என்று சொல்லும் நாம், வடசென்னையின் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் காலி மனைகளிலும் ரயில்வே சுவரோரங்களிலும் முழங்காலுக்குக் கீழே பூத்திருக்கும் அந்தத் தும்பையை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம். போர்க்களத்தில் எதிரெதிர் நின்று பொருத வீரர்கள் சூடிய பூ இது. போர் போன்ற புற வாழ்க்கையைப் பாடப் பழந்தமிழ் இலக்கணம் வகுத்த புறத்திணைகளில் ஒன்று இதன் பெயரையே கொண்டிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில், வெயில் ஏறுவதற்கு முன் தேடிச் செல்லுங்கள். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இலைகளில் படிந்திருந்தாலும், அன்று விரிந்த பூ வெள்ளை வெளேரென்று இருப்பதால் செடி எளிதில் கண்ணில் படும். பக்கத்திலேயே வெட்டுக்காயப் பூண்டும் வளர்ந்திருக்கலாம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, நீண்ட ஒற்றைக் காம்பின் நுனியில் மஞ்சள் நடுவோடு பூக்கும். தும்பையோ நம் மண்ணுக்கு உரியது. அதன் பூக்கள் தண்டைச் சுற்றி உருண்டையான கொத்தாக அமைந்திருக்கும். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும்.

செடியைக் கண்டதும் பறிக்காதீர்கள். நான் முதன்முதலில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போனேன். வீடு சேர்வதற்குள் பூக்கள் உதிர்ந்து, அவற்றை அடியில் தாங்கியிருந்த வெறும் பச்சைக் கிண்ணங்களே கையில் மிஞ்சின. மாறாக, பூவின் மட்டத்துக்குக் கண் வரும்படி குத்துக்காலிட்டு உட்காருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் மிக நல்லது, இல்லையென்றால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மேலிருந்து பார்த்தபோது வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த பூ, இப்போது இரண்டு உதடுகளாகப் பிரியும். கீழுதடு அகன்று, முன்னால் தொங்கும். மேலுதடு சிறியது, முக்காடு போல வளைந்து, வெளிப்புறமெங்கும் பஞ்சு போன்ற வெண்மயிர் அடர்ந்து, சூரியனுக்கு எதிரே பார்க்கையில் விளிம்பு ஒளிரும். அந்தக் காட்சிக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் போகிறேன்.

அந்த முக்காட்டுக்குள் மகரந்தத் தாள்கள் நான்கு ஒளிந்திருக்கின்றன. அசையாமல் பத்து நிமிடம் காத்திருந்தால் தேனீ வரக்கூடும். கீழுதட்டில் அமர்ந்து தேனுக்காகத் தலையை உள்ளே நுழைக்கும்போது, அதன் உடலின் மேற்புறத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்வதைக் காணலாம்.

கடைசியாக, பூ உதிர்ந்த பழுப்புக் கிண்ணம் ஒன்றினுள் எட்டிப் பாருங்கள். அடியில் சிறு விதைகள், நன்கு முற்றியிருந்தால் நான்கு, இருக்கும்; காய்ந்த கொத்து ஒன்றை மட்டும் எடுத்துச் சென்று மொட்டைமாடித் தொட்டியில் உதிர்த்துவிடுங்கள்.