நீலத்திரை வந்ததும் ஃபார்மட் போட ஓடாதீர்கள்
கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆனால், பல நேரம் பழைய டிரைவர்தான் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) காரணம். திரையில் 'வாட் ஃபெயில்ட்' என்ற வரி வந்தால் உடனே போனில் படம் எடுங்கள். அதிலுள்ள ஃபைல் பெயர் 'என்வி' (nv) என்று தொடங்கினால் என்விடியா கிராபிக்ஸ், 'ஐஜிடி' (igd) என்றால் இன்டெல் கிராபிக்ஸ், 'ஆர்டி' (rt) என்றால் பெரும்பாலும் ரியல்டெக்கின் சவுண்ட் அல்லது நெட்வொர்க் கருவி.

விண்டோஸ் கீ, எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் போங்கள். நீலத்திரை காட்டிக்கொடுத்த கருவியை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், 'டிரைவர்' என்ற டேப்புக்குள் தேதி இருக்கும். 21.6.2006 என்று இருந்தால் பதற வேண்டாம். தயாரிப்பாளரின் டிரைவருக்கே முன்னுரிமை கிடைக்கட்டும் என்று மைக்ரோசாஃப்ட் தன் டிரைவர்களுக்கு வேண்டுமென்றே போடும் தேதி அது.

'அப்டேட் டிரைவர்' பட்டனை மட்டும் நம்பாதீர்கள். பழசையே 'இதுதான் சிறந்தது' என்று சொல்லிவிடும். லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டு, தயாரிப்பாளர் தளத்திலிருந்தே இறக்குங்கள். எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள் வேண்டவே வேண்டாம். புதுசு போட்ட பிறகு சிக்கலா? அதே டேப்புக்குள் 'ரோல் பேக்' அழுத்தினால் பழைய டிரைவருக்கே திரும்பலாம். விண்டோஸே திறக்காவிட்டால், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் செய்யுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மத்தியானத்தில், நீலத்திரையே வராமல் பொசுக்கென்று அணைந்தால், டிரைவரைத் தொடும் முன் ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டுங்கள்.