ஆங்கிலிக்கன் பிஷப்பின் சமூகப் பணியைத் தேடி எழுதுவது எப்படி?

ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்து திருச்சபையின், பிஷப் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கையில் சிக்குவது பதவிப் பட்டியல்தான். எந்த ஆண்டு குருப்பட்டம், எப்போது பிஷப், எப்போது ஓய்வு. அதையே கோத்துப் போட்டால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்; அந்த மனிதர் வீட்டுவசதிக்கும் வேலையில்லாதவர்களுக்கும் என்ன செய்தார் என்பது கடைசி வரை தெரியாது.

அதனால் பதவிக்கு முந்தைய வருஷங்களில் தொடங்குங்கள். டேவிட் ஷெப்பர்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்துக்காக 22 டெஸ்ட் ஆடியவர், 1960-ல் தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக ஆட மறுத்தவர். எல்லோரும் கிரிக்கெட்டிலேயே நின்றுவிடுவார்கள், ஆனால் நீங்கள் தோண்ட வேண்டியது 1957 முதல் 1969 வரை கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில், துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில், அவர் மேஃபிளவர் குடும்ப மையம் என்ற திருச்சபைச் சமூக மையத்தை நடத்திய காலத்தை. 1975-ல் லிவர்பூல் பிஷப்பாகி வேலையின்மையைப் பற்றி அவர் பேசியதற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் பிரிட்டன் நாடாளுமன்றம். மேலவையில் இங்கிலாந்து திருச்சபைக்கு 26 இடங்கள். கேன்டர்பரி, யார்க், லண்டன், டர்ஹம், வின்செஸ்டர் ஆகிய ஐந்து ஊர்களின் பிஷப்புகளுக்கும் நேரடியாக இடம் உண்டு, மற்றவர்கள் பணிமூப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும். (பெண் பிஷப்புகளுக்கு முன்னுரிமை தர 2015-ல் தனிச் சட்டம் வந்தது, அதன்படி முதலில் நுழைந்தவர் குளொஸ்டர் பிஷப் ரேச்சல் ட்ரீவீக்.) துணை பிஷப்புகளுக்கு இடமே கிடையாது. ஆகவே பிஷப்பான ஆண்டையும் மேலவைக்குப் போன ஆண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அவைக் குறிப்பான ஹேன்சார்டில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். பேசியவரைப் பெரும்பாலும் பதவியை வைத்தே குறிப்பிடுவார்கள், "லிவர்பூல் பிஷப்" என்று. தேதியைப் பார்க்காமல் எடுத்தால் பின்னால் வந்தவரின் பேச்சை முன்னவர் தலையில் கட்டிவிடுவீர்கள். நானே ஒருமுறை கட்டியிருக்கிறேன், திருத்த அரை நாள் போனது. கடிதங்கள் இன்னும் வேடிக்கை: டர்ஹம் பிஷப் "டனெல்ம்" என்றும் யார்க் ஆர்ச்பிஷப் "எபோர்" என்றும் லத்தீனில் ஊர்ப்பெயரைப் போட்டுக் கையெழுத்திடுவார்கள். அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம்.

பேச்சை விட வாக்கெடுப்பு முக்கியம். 2012 ஜனவரியில் ஒரு குடும்பத்துக்கான அரசு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 26,000 பவுண்டு உச்சவரம்பு கொண்டுவந்தபோது, குழந்தைகளுக்கான படியை அதில் சேர்க்கக் கூடாது என்று ரிப்பன்-லீட்ஸ் பிஷப் ஜான் பேக்கர் திருத்தம் கொண்டுவந்தார். 252-க்கு 237 என்று அரசு தோற்றது. இதோடு நிறுத்தினால் அரைகுறை, ஏனென்றால் கீழவை அந்தத் திருத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. ஜெயித்த நாளுக்கு அடுத்த சில வாரங்களையும் கட்டாயம் பாருங்கள்.

குழு அறிக்கைகளில் இன்னொரு பொறி. 1985-ல் வந்த, நகர்ப்புற வறுமை பற்றிய 'ஃபெய்த் இன் த சிட்டி' அறிக்கையை ஷெப்பர்டின் அறிக்கை என்று சொல்லத் தோன்றும். அவர் அந்தக் குழுவின் துணைத்தலைவர்தான், குழுவை அமைத்தவர் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ராபர்ட் ரன்சி. அரசுக்கு மட்டுமல்ல, திருச்சபைக்கும் அதில் பரிந்துரைகள் இருந்தன, அதையொட்டி சர்ச் அர்பன் ஃபண்ட் என்ற நகர்ப்புற உதவி நிதி உருவானது. உங்கள் ஆள் குழுவில் என்ன பொறுப்பில் இருந்தார் என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் பெருமை கொடுங்கள்.

சரி, கடைசியாக ஓய்வு. வழக்கமாக 70 வயது, மேலவை இடமும் அதோடு போய்விடும். ஆனால் கட்டுரையை அங்கே முடிக்கலாமா என்று ஒருமுறை யோசியுங்கள். ஷெப்பர்டுக்குப் பின் லிவர்பூலுக்கு வந்த ஜேம்ஸ் ஜோன்ஸ் 2013-ல் ஓய்வு பெற்றார். ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் உயிரிழந்தோர் குடும்பங்களின் அனுபவம் பற்றி அவர் எழுதிய அறிக்கை 2017-ல் வந்தது, கோஸ்போர்ட் மருத்துவமனை மரணங்களை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி அவர் கொடுத்த அறிக்கை 2018-ல்.